சாவு எத்தனை மணிக்கு?

1816ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேறி வந்த இராணுவ வைத்தியர் ஜோன் டேவிக்கு அப்போது வயது 26. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சுரங்கத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு விளக்கைச் செய்துகொடுத்த ஹம்ப்ரி டேவியின் தம்பி இவர். அண்ணனைப் போலவே இவருக்கும் எதையும் அளந்து பார்த்தால்தான் மனம் ஆறும். வழியெல்லாம் கையில் ஒரு வெப்பமானியை வைத்திருந்தார். கடல் நீரை அளந்தார், வெந்நீர் ஊற்றை அளந்தார், ஆட்கள் கிடைத்தால் அவர்கள் நாவின் அடியிலும் வைத்துப் பார்த்தார். 1820 வரை இங்கே இருந்துவிட்டுப் போய், 1821இல் இலங்கையின் உள்நாட்டைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். கண்டியின் பழைய நிலையை அறிய விரும்புவோர் இன்றும் தேடிப் படிக்கும் நூல் அது. அவருடைய வெப்ப அளவீடுகளைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இறைச்சி தின்பவரோ மரக்கறி மட்டும் உண்ணும் பிக்குவோ, எந்த இனத்தவராயினும், மனித உடலின் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான், வெயில் நாட்டில் சற்றே கூடும் என்பது அவர் கண்ட முடிவு.

இந்த அளக்கும் பழக்கம் பின்னாளில் அவரைப் பிண அறைக்குள்ளும் கொண்டுபோனது. மத்தியதரைக் கடலிலுள்ள மோல்டா தீவில் பணியாற்றியபோது, இறந்த படைவீரர்களின் உடல்களுக்குள் வெப்பமானியைச் செலுத்தி, சாவுக்குப் பிறகு சூடு எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொண்டார். 1839இல் அந்தக் குறிப்புகள் அச்சில் வந்தன. சில உடல்களில் எதிர்பாராத அளவுக்குச் சூடு உயர்ந்திருந்ததையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இறந்த உடலின் வெப்பத்தை முறையாக அளந்து பதிவு செய்தவர்களில் முதல்வராக அவரைத்தான் சட்ட மருத்துவ வரலாறு சொல்கிறது. கொலையாளியைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. உயிர்ச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதே அவருடைய கேள்வி.

தடயவியலின் முன்னோடிகள் என்று பட்டியல் போடும்போது டேவியின் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். 1247இல் சீனாவில் மரண விசாரணைக்குக் கைநூல் எழுதிய சோங் ட்சு வருவார். ஒரு கிராமத்தில் கொலை நடந்தபோது எல்லோருடைய அரிவாளையும் நிலத்தில் வைக்கச் சொல்ல, ஈ மொய்த்த அரிவாளின் சொந்தக்காரன் அகப்பட்டான் என்ற கதை அந்த நூலில்தான் இருக்கிறது. 1836இல் ஆர்செனிக் நஞ்சைக் கண்ணாடிக் குழாயில் பளபளக்கும் படிவாகக் காட்டிய ஜேம்ஸ் மார்ஷ் வருவார். அந்தச் சோதனையை 1840இல் பிரெஞ்சு நீதிமன்றத்துக்குள் கொண்டுபோன ஒர்ஃபிலா வருவார். உடல் உறுப்புகளை அளந்து குற்றவாளிகளை அடையாளம் காண முயன்ற பெர்ட்டிலோன், 1910இல் லியோன் நகரப் பொலிஸுக்கு ஆய்வுகூடம் அமைத்த லொக்கார்ட் என்று வரிசை நீளும். இவர்கள் எல்லோரும் "யார்?", "எதனால்?" என்ற கேள்விகளுக்கு விடை தேடியவர்கள். "எப்போது?" என்பது வேறு வகைக் கேள்வி. நஞ்சு குழாயில் படியும், இரத்தம் துணியில் படியும், நேரம் எங்கே படியும்?

குளிர்ந்துபோகும் உடலில் படியும் என்று நம்பினார்கள். 1860களில் இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் டெய்லர், வில்க்ஸ் என்ற இருவர் பல உடல்களின் சூட்டை மணிக்கணக்கில் அளந்தார்கள். 1868இல் கிளாஸ்கோவில் ஹரி ரெய்னி இதற்கு நியூட்டனின் கணக்கைப் பொருத்தினார். சூடான பொருள் எவ்வளவு வேகமாக ஆறும் என்பது அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது என்று 1701இல் நியூட்டன் சொன்ன விதி அது. கோப்பையில் ஊற்றிய பிளேன்டீ முதல் ஐந்து நிமிடத்தில் கிடுகிடுவென்று ஆறி, கடைசியில் மெல்ல மெல்ல அறை வெப்பத்துக்கு வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மனித உடல் கோப்பை இல்லை. தோல் முதலில் ஆறும். உள்ளே ஈரலும் குடலும் இருக்கும் இடத்துக்கு அந்தக் குளிர்ச்சி போய்ச் சேர நேரம் எடுக்கும். ஆகவே மலவாயிலில் வைத்த வெப்பமானி, இறந்து முக்கால் மணி, ஒரு மணி நேரம் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், அசையாமல் அதே 37 பாகையில் நிற்கும். பிறகுதான் இறங்கத் தொடங்கும். வரைபடத்தில் போட்டால் தொடக்கத்தில் ஒரு சமதரை, நடுவில் ஒரு சரிவு, கடைசியில் மீண்டும் ஒரு சமதரை. இந்த முதல் சமதரையை ரெய்னி கவனித்திருந்தார். அதனால்தான் தன் கணக்கு சொல்லும் நேரம் குறைந்தபட்ச நேரம் மட்டுமே என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைப் பின்வந்த பாடநூல்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. மணிக்கு ஒன்றரை பாகை ஃபாரன்ஹீட் என்ற ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டன. மாணவர்களுக்கு மனப்பாடம் செய்ய வசதி, அவ்வளவுதான்.

இந்த ஒற்றை வரி எங்கள் நாட்டில் எப்படிப் பிழைக்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு. உயிருள்ள உடலின் வெப்பம் 37 பாகை செல்சியஸ். எடின்பரோவில் அறை வெப்பம் 15 என்றால் வேறுபாடு 22. கொழும்பில் பகல் அறை வெப்பம் 29 என்றால் வேறுபாடு வெறும் 8. கண்டியின் ஆண்டுச் சராசரி 24, 25 பாகை. வேறுபாடு 12 சொச்சம். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் சராசரி 16; அது ஏறக்குறைய எடின்பரோதான். இப்போது எடின்பரோவில் ஓர் உடல் மணிக்கு ஒரு பாகை ஆறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே உடல் அதே உடுப்புடன் கண்டியில் மணிக்கு அரைப் பாகைக்குச் சற்று மேல்தான் ஆறும். கொழும்பில் மூன்றில் ஒரு பாகைக்குச் சற்று மேல். வெப்பமானியை வாசிப்பதில் அரைப் பாகை பிழைத்தால் எடின்பரோ வைத்தியர் அரை மணி நேரம் பிழைப்பார். கண்டி வைத்தியர் முக்கால் மணிக்கு மேல். கொழும்பு வைத்தியர் ஒரு மணி இருபது நிமிடத்துக்கு மேல். வெப்பமானியின் குறையே வேண்டாம். நல்ல உடல்நிலையில் இருக்கும் இரண்டு பேருக்கிடையிலேயே அரைப் பாகை வித்தியாசம் சாதாரணம். காய்ச்சல், உயிர் போகுமுன் நடந்த போராட்டம், உடம்பின் கொழுப்பு, ஈரமான சீமெந்துத் தரை, திறந்திருந்த யன்னல் எல்லாம் இதற்கு மேல்.

கண்டிக்கு அருகிலுள்ள திகனவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் புரியும். இங்கே மத்தியானம் கொழும்பு மாதிரி வேகும். மாலை சாய்ந்து விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கமிருந்து காற்று திரும்பினால் விடியற்காலையில் போர்வை தேட வேண்டியிருக்கும். பகலில் இறந்த ஒருவரின் உடல் இரவு முழுவதும் வீட்டுக்குள் கிடந்தால், அது ஆறும் வேகமே இடையில் மாறிவிடும். நியூட்டனின் விதி சுற்றுப்புற வெப்பம் மாறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உடல் கிடந்த அறையின் வெப்பத்தை ஒரு தடவை அளந்து குறித்துக்கொண்டால் மட்டும் போதாது.

இவ்வளவும் ஏட்டுக் கணக்காகவே இருந்திருக்கும், 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி கொழும்பு பம்பலப்பிட்டி சென் அல்பன்ஸ் பிளேஸில் ஒரு வீட்டுக் கார்க் கொட்டகையில் ஒரு தமிழ்ப் பெண்ணின் உடல் கிடந்திராவிட்டால். கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். அவருடைய கணவர் மகாதேவ சதாசிவம். கிரிக்கெட் தெரிந்த பழைய தலைமுறைக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர். 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி விளையாடியபோது இலங்கை அணியின் தலைவர். வீட்டிலோ கணவன் மனைவிக்கிடையே விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது.

அன்று காலை சதாசிவம் வீட்டில் இருந்தார். ஏறக்குறைய பத்தரை மணிக்கு வாடகைக் கார் பிடித்து வெளியே போனார். வீட்டில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு வாலிபனும் அன்றே காணாமல் போனான். இறந்தவரின் நகைகளை அவன் விற்றிருந்தான். பிடிபட்ட பிறகு, கொன்றது கணவர், தான் உதவி செய்தேன், மேல் மாடிப் படுக்கையறையில் நடந்தது என்று சொன்னான். நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கி அவனை அரச தரப்புச் சாட்சியாக்கினார்கள். கணவர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார்.

ஆகவே வழக்கு ஒரு கேள்வியில் வந்து நின்றது. அந்தப் பெண் பத்தரைக்கு முன் இறந்தாரா, பின் இறந்தாரா? முன் என்றால் கணவருக்குத் தூக்குக் கயிறு வரை போகலாம். பின் என்றால் வழக்கே இல்லை. ஒரு மணி நேரம் முன்பின் என்பதில் ஒரு மனிதனின் உயிர். கொழும்பில், 8 பாகை வேறுபாட்டில், அதைச் சொல்ல வேண்டும்.

பிரேத பரிசோதனை செய்தவர் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது சட்ட மருத்துவப் பேராசிரியர். உடலின் வெப்பம், தசைகளின் விறைப்பு, இரைப்பையில் இருந்த உணவு என்று மூன்றையும் அவர் பதிவு செய்திருந்தார். மூன்றுமே நேரம் சொல்பவை. மூன்றுமே பொய் சொல்லக்கூடியவை. விறைப்பு வெயில் நாட்டில் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் விடும். இரைப்பையோ மனசைப் பொறுத்தது. பயந்தவருக்கும் கோபப்பட்டவருக்கும் சாப்பாடு மணிக்கணக்கில் செரிக்காமல் நிற்கும். எடின்பரோவில் செரிமானத்துக்கு எழுதிய நேர அட்டவணையைக் கொழும்புக் காலைச் சாப்பாட்டுக்குப் போட்டுப் பார்ப்பதும் சரி வராது.

எதிர்த்தரப்பு எடின்பரோவிலிருந்தே ஆளை அழைத்தது. சர் சிட்னி சிமித், அங்கே சட்ட மருத்துவப் பேராசிரியர். நியூசிலாந்தில் பிறந்து, எகிப்தில் பல வருடம் வேலை பார்த்து, 1924இல் கெய்ரோவில் சூடானின் ஆளுநர் நாயகம் சர் லீ ஸ்டாக் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் துப்பாக்கி ரவைகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துத் துப்புக் கொடுத்துப் பெயர் எடுத்தவர். வெயில் நாட்டுப் பிணங்கள் அவருக்குப் புதிதில்லை. ஷெர்லொக் ஹோம்ஸைக் கற்பனை செய்ய கொனன் டொயிலுக்கு மாதிரியாக இருந்த ஜோசப் பெல் கற்பித்ததும் அதே எடின்பரோவில்தான். பத்திரிகைகளுக்கு இது போதாதா! ஆனால் சிமித் கொழும்பில் செய்தது ஹோம்ஸ் வித்தை இல்லை. இறந்தவரின் பாதங்களின் அடியில் இருந்த அழுக்கைக் கவனித்தார். படுக்கையறையில் கொல்லப்பட்டுத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவரின் பாதத்துக்கு அது பொருந்தவில்லை. சமையலறைத் தரையில் நின்றவரின் பாதத்துக்குப் பொருந்தியது. வேலைக்கார வாலிபனின் முகத்திலும் கையிலும் இருந்த நகக் கீறல்களும் கேள்விக்குரியவையாகின. நேரத்தைப் பற்றிய வாதத்தை இடத்தைப் பற்றிய சாட்சியம் தாங்கிப் பிடித்தது.

நீதியரசர் நோயல் கிரேஷியன் முன் 57 நாட்கள் விசாரணை. எதிரிக்காக வாதாடியவர் இடதுசாரித் தலைவரும் வழக்கறிஞருமான கொல்வின் ஆர். டி சில்வா. உடற்கூற்றையும் செரிமானத்தையும் வெப்பவியலையும் கரைத்துக் குடித்துவிட்டு வந்து வைத்தியர்களைக் குறுக்கு விசாரணை செய்தார். 1953 ஜூன் 25ஆம் திகதி ஜூரிமார் ஒருமனதாகக் "குற்றவாளி அல்ல" என்றார்கள். அதுவரை ஏறக்குறைய இருபது மாதம் சதாசிவம் மறியலில் இருந்தார். டி சேரம், சிமித் இருவரின் சாட்சியங்களும் அந்தத் தீர்ப்பில் பெரும் பங்கு வகித்தன. இதைப் பற்றிப் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ 2006இல் ஒரு முழுநூலே எழுதியிருக்கிறார். சிமித் 1959இல் வெளியிட்ட தன் வாழ்க்கை வரலாற்றிலும் இந்த வழக்குக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

வழக்கு முடிந்தது. அதன் அடியில் கிடந்த விஞ்ஞானக் கேள்வி முடியவில்லை. கொழும்பின் வெப்பத்தில் ஒரு மனித உடல் உண்மையில் எப்படி ஆறுகிறது? இதை அறிய, எந்த நிமிடத்தில் இறந்தார் என்று ஐயமின்றித் தெரிந்த உடல்கள் வேண்டும். வைத்தியசாலையில் நோயாளி இறக்கும் நேரம் ஓரளவு தெரியும், ஆனால் காய்ச்சலும் நோயும் அவர் வெப்பத்தைக் குழப்பியிருக்கும். உடல்நலத்துடன் இருந்து, குறித்த நிமிடத்தில், குறித்த இடத்தில் இறப்பவர்கள் ஒரே வகையினர்தான். அவர்கள் தூக்கு மேடையில் இறப்பவர்கள்.

1955இல் டி சேரம், வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி என்ற மூவர் பெயரில் ஓர் ஆய்வுக் கட்டுரை அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. தூக்கிலிடப்பட்ட 41 கைதிகளின் உடல் வெப்பத்தைத் தொடர்ந்து அளந்து எழுதிய கட்டுரை. வெப்பம் இறங்கத் தொடங்குமுன் ஒரு தாமதம் இருக்கிறது, அதைச் சேர்க்காமல் போடும் எந்தக் கணக்கும் பிழை என்று எண்களோடு காட்டினார்கள். சுற்றுப்புற வெப்பம் உயர்ந்த ஒரு நாட்டிலிருந்து இவ்வளவு ஒழுங்கான தரவு அதற்கு முன் உலகுக்குக் கிடைத்ததில்லை. ஜோன் டேவி வெப்பமானியோடு சுற்றிவந்த தீவிலிருந்தே, அவர் தொடங்கிவைத்த வேலையின் அடுத்த பெரிய படி வந்தது. கட்டுரையில் ஒரு தமிழ்ப் பெயர் இருப்பதை நம்மவர்கள்கூட அறிந்திருக்கவில்லை.

இந்த 41 பேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. அவர்கள் சம்மதம் கொடுத்திருக்க மாட்டார்கள்; அக்காலத்தில் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். திகனவிலிருந்து கண்டிக்குப் போகிற பாதையில் பல்லேகலையில் இருக்கிறது இப்போதைய சிறைச்சாலை. அங்கே 2014இல் மாற்றப்படும் வரை கைதிகள் இருந்தது கண்டி நகரின் நடுவே, 1876இல் கட்டிய போகம்பரையில். அங்கேயும் தூக்கு மேடை இருந்தது. இலங்கையில் கடைசித் தூக்கு 1976இல் நடந்தது. மரண தண்டனை சரியா என்பது வேறு விவாதம். ஆனால் அப்பாவிகளைத் தூக்கிலிருந்து காப்பாற்றக்கூடிய ஒரு கணக்கை, தூக்கில் தொங்கியவர்களின் உடல்களே கொடுத்தன என்பதை அந்தத் துறையின் பாடநூல்கள் இன்னும் கொஞ்சம் வெளிப்படையாக எழுதலாம்.

டி சேரம் காட்டிய அந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்து 1962இல் இங்கிலாந்தில் மார்ஷல், ஹோர் இருவரும் உடல் ஆறும் வளைகோட்டுக்குக் கணிதச் சமன்பாடு எழுதினார்கள். ஒரு பகுதி முதல் சமதரைக்கு, ஒரு பகுதி பிந்திய சரிவுக்கு. அதைச் செப்பமாக்கி, உடல் நிறை, உடுப்பு, காற்று, ஈரம் எல்லாவற்றுக்கும் திருத்தம் சேர்த்து, 1980களில் ஜேர்மனியின் ஹென்ஸ்கே ஒரு வரைபடம் செய்தார். இரண்டு வெப்பங்களைக் கோடு போட்டு இணைத்தால் நேரத்தை வாசிக்கலாம். இன்று உலகெங்கும் சட்ட வைத்திய அதிகாரிகள் பயன்படுத்தும் வரைபடம் அது. அந்த வரைபடத்தில் எனக்குப் பிடித்தது விடை அல்ல, விடைக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பிழை வரம்பு. எல்லாம் சரியாக அமைந்த மிக நல்ல நிலையிலும் கூட்டல் கழித்தல் 2.8 மணி நேரம். அதாவது, "காலை 11 மணி" என்று விடை வந்தால், ஏறக்குறைய எட்டே காலுக்கும் பிற்பகல் ஒன்றே முக்காலுக்கும் இடையில் என்றுதான் அதற்குப் பொருள்.

சதாசிவம் வழக்கில் தேவைப்பட்டதை இதோடு வைத்துப் பாருங்கள். இன்றைய மிகச் சிறந்த முறைகூடத் தனியாக நின்று அந்தப் பத்தரை மணிக் கேள்விக்கு விடை சொல்லாது. தொலைக்காட்சி நாடகங்களில் வைத்தியர் சவத்தின் நெற்றியைத் தொட்டுவிட்டு "நேற்று இரவு பத்து மணி இருபது நிமிடம்" என்று சொல்வதெல்லாம் சுத்தப் புளுகு. தடயவியல் வளர்ந்ததை அதன் துல்லியத்தால் அளப்பது பிழையான அளவுகோல் என்றே நினைக்கிறேன். தான் எவ்வளவு தூரம் பிழைக்கக்கூடும் என்று எழுதிக்கொடுக்கப் பழகியதுதான் அதன் வளர்ச்சி. ரெய்னி அதை 1868இலேயே சொன்னார். பாடநூல்கள் அதைக் கேட்க நூறு வருடம் எடுத்தது.

எல்லாத் தடயமும் இப்படி வழுக்குவதில்லை. கைரேகை இன்னொரு எல்லை. அதன் முதற்கதைகளும் ஐரோப்பாவில் நடந்தவையல்ல. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹேர்ஷல் என்ற அதிகாரி ஒரு வியாபாரியின் ஒப்பந்தத்தின் பின்புறம் அவருடைய முழு உள்ளங்கையையும் மை தடவிப் பதிய வைத்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான ரேகைகளை எப்படி அடுக்கித் தேடுவது என்ற உண்மையான சிக்கலுக்குக் கணக்குப் போட்டவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய உத்தியோகத்தர்கள். பெயர் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. மறு வருடமே ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட முகாமையாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டிக்குள் இருந்த பஞ்சாங்கத்தில் இரத்தம் படிந்த விரல் அடையாளம் ஒன்று. முன்பு அவரிடம் வேலை செய்து, களவுக்காகச் சிறைக்குப் போய் வந்த ஒருவனுடைய வலது பெருவிரலோடு அது பொருந்தியது. நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? களவுக்குத் தண்டித்தது, கொலையிலிருந்து விடுவித்தது. ரேகை அவன் பெட்டியைத் தொட்டதைச் சொன்னது. கத்தியைப் பிடித்ததைச் சொல்லவில்லை. தடயம் சொன்னதற்கு மேல் ஒரு அங்குலமும் போகாத அந்தத் தீர்ப்பு எனக்குப் பெரிய தீர்ப்பாகப் படுகிறது. கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கிய தோட்டத்துத் தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் இங்கே கண்டியைச் சுற்றி எத்தனையோ பேர். அந்தப் பெருவிரலுக்குப் பின்னால் ஒரு தேயிலைத் தோட்ட வழக்கு இருக்கிறது என்பது அவர்கள் அறிய வேண்டிய செய்தி.

மரபணுவோ இன்னும் ஒரு படி மேலே. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்ட முறை கொலை வழக்கில் முதன்முதல் செய்த வேலை, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஒரு பதினேழு வயதுப் பையனை விடுவித்ததுதான். பிறகுதான் உண்மையான ஆளைப் பிடித்தது. 2015இல் கொட்டதெனியாவவில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் இலங்கையும் இதையே கண்டது. முதலில் ஒரு பாடசாலை மாணவனையும் இன்னொருவரையும் பிடித்தார்கள்; மரபணு பொருந்தவில்லை. பிறகு ஒருவர் தானே செய்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தார், அதுவும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அந்த மனிதரின் சகோதரருக்கு. உடன்பிறந்தவர்களுக்கு மரபணுவில் சராசரியாகப் பாதி ஒன்றாக இருக்கும். மீதிப் பாதிதான் ஒருவரை விடுவித்து மற்றவரைக் காட்டியது. அடித்துப் பிடித்து வாங்கும் வாக்குமூலத்தில் நம்பிக்கை வைத்திருக்கும் எந்த நாட்டுப் பொலிஸும் இந்த ஒரு வழக்கைப் பயிற்சிக் கல்லூரியில் பாடமாக வைக்கலாம்.

"எப்போது?" என்ற கேள்வி கண்டிக்கு அருகிலேயே மீண்டும் எழுந்தது, இந்த முறை மணிக்கணக்கில் அல்ல, தசாப்தக் கணக்கில். 2012 கடைசியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். எலும்புகளோடு கிடைத்த பொருட்களை வைத்து, தொல்லியல் ஆய்வாளர் ராஜ் சோமதேவ 1980களின் பிற்பகுதியைச் சுட்டினார். அது அரச படைகளும் ஜே.வி.பி.யும் மோதிய, ஆட்கள் காணாமல் போன காலம். அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய மாதிரிகளோ 1950க்கு முந்தியவை என்று அறிக்கை வந்தது. மன்னார் சதொச வளவில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தபோதும் அதே ஆய்வுகூடம் 1404 முதல் 1635 வரை என்றது. காணாமல் போனோரின் உறவினர்கள் தரப்பு அதை ஏற்கவில்லை.

இங்கேயும் முறையைப் புரிந்துகொள்வது நல்லது. உயிருள்ள வரை நாம் சாப்பாட்டின் வழியே காற்றிலுள்ள கரிமம்-14 ஐ உடலில் சேர்த்துக்கொண்டே இருப்போம். இறந்தபின் சேர்ப்பது நின்று, இருந்தது சிதைந்து குறையத் தொடங்கும். 5,730 வருடத்தில் பாதியாகும். அவ்வளவு மெதுவான கடிகாரத்தால் ஐம்பது வருட வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கரிமம்-14 இன் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. ஆகவே 1960களில் பிறந்து வளர்ந்த ஒருவரின் எலும்பில் அந்தக் குண்டுகளின் அடையாளம் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அந்த எலும்பு பழையது. வயதானவரின் எலும்பு என்றால் குழப்பம். அவர் எலும்பின் பெரும்பகுதி குண்டுகளுக்கு முன்பே உருவாகியிருக்கும். எந்த எலும்பிலிருந்து, எந்தப் பல்லிலிருந்து, எத்தனை பேரிடமிருந்து மாதிரி எடுத்தார்கள் என்பதில்தான் விடையின் எடை இருக்கிறது. நூற்றைம்பது பேருக்கு ஒரு சில மாதிரிகள் பேச முடியாது. இத்தகைய அறிக்கை வரும்போது ஆண்டை மட்டும் தலைப்புச் செய்தியாக்கும் பத்திரிகைகள், மாதிரிகளின் எண்ணிக்கையையும் பிழை வரம்பையும் அதே எழுத்தில் போட வேண்டும்.

கடைசியாக வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒருவர் எதிர்பாராமல் இறந்து கிடந்தால், ஐயத்துக்கு இடமிருந்தால், பொலிஸும் மரண விசாரணை அதிகாரியும் சட்ட வைத்திய அதிகாரியும் வரும்வரை உடலை நகர்த்தாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், உடுப்பு மாற்றாதீர்கள், யன்னலைத் திறக்கவோ மின்விசிறியைப் போடவோ நிறுத்தவோ செய்யாதீர்கள். பாதங்களைத் துடைக்காதீர்கள். நீங்கள் கண்ட நேரத்தைக் கடதாசியில் குறித்து வையுங்கள். கடைசியாக அவரை உயிரோடு பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுதி வையுங்கள். வெப்பமானி சொல்ல முடியாத அந்த இரண்டு மூன்று மணி நேரத்தை நிரப்பப்போவது உங்கள் கடதாசிதான்.